தொலைபேசிச் சட்டத்தில் பிறந்த இணையக் குற்றம்

2008 டிசம்பர் 22 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் தகவல் தொழில்நுட்பத் திருத்த மசோதா நிறைவேறியது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், அமளிக்கு நடுவே, மசோதாக்கள் வரிசையாகக் கரையேறிக்கொண்டிருந்தன. இந்த மசோதா பற்றி விவாதம் நடக்கவில்லை. கணினி, இணையம், கைபேசி மூலம் அனுப்பப்படும் செய்திகளைக் குற்றமாக்கும் 66ஏ என்ற பிரிவு அதற்குள் இருந்தது. 2006 டிசம்பரில் மசோதா அறிமுகமானபோது துறை அமைச்சர் தயாநிதி மாறன், நிறைவேறியபோது ஆ. இராசா. இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பிற்பாடு அந்தப் பிரிவின் சூடு புதுச்சேரி வரை எட்டியபோது இதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

அரசியல்வாதிகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்ற பேச்சு வந்தால் உடனே சில கதைகள் மேசைக்கு வரும். 2006இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் டெட் ஸ்டீவன்ஸ் இணையத்தைக் குழாய்களின் தொடர் என்று விவரித்து உலகம் முழுக்கக் கேலிக்கு ஆளானார். 2018 ஏப்ரலில், பயனர்களிடம் காசு வாங்காமல் தொழிலை எப்படி நடத்துகிறீர்கள் என்று இன்னொரு முதிய உறுப்பினர் கேட்க, விளம்பரம் போடுகிறோம் என்று மார்க் சக்கர்பர்க் புன்முறுவலோடு சொன்னார். சிரிக்கலாம்தான். ஆனால் ஸ்டீவன்ஸின் குழாய் அவ்வளவு தவறான உருவகம் அல்ல. வலைப்பின்னல் பொறியாளர்களே கொள்ளளவைப் பற்றிப் பேசும்போது குழாய் என்றுதான் சொல்கிறார்கள். சக்கர்பர்க்கிடம் கேட்கப்பட்டதும் அடிப்படையான, நல்ல கேள்வி. இந்தச் சிரிப்பு நம் கவனத்தைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. உறுப்பினருக்குக் கைபேசியைக் கையாளத் தெரிகிறதா என்பது ஒரு பொருட்டே அல்ல. ஒரு ஊடகம் செய்தியை எப்படி நகர்த்துகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு, என்ன வேகத்தில், எத்தனை பேருக்கு என்பதைச் சட்டத்தின் வாசகம் புரிந்துவைத்திருக்கிறதா என்பதே பொருட்டு. அந்த வாசகத்தைப் பெரும்பாலும் உறுப்பினர்கள் எழுதுவதில்லை. அமைச்சக அலுவலர்கள் பழைய சட்டம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

66ஏ பிரிவின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் இது விளங்கும். அதன் முதல் உட்பிரிவு, மிகவும் புண்படுத்தக்கூடிய அல்லது அச்சுறுத்தும் தன்மையுள்ள எந்தத் தகவலையும் கணினிவழி அனுப்புவதைக் குற்றமாக்கியது. இந்தச் சொற்கள் பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் 127ஆம் பிரிவில் இருக்கின்றன. அந்தப் பிரிவின் வம்சாவளியை 2006இல் ஒரு தீர்ப்பில் பிரபுக்கள் அவை நீதிபதி பிங்காம் பின்னோக்கி எடுத்துச் சென்றிருக்கிறார். அது போய் நிற்பது 1935ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகத் திருத்தச் சட்டத்தில். தொலைபேசி மூலம் ஆபாசமான, அச்சுறுத்தும், மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதை அந்தச் சட்டம் தண்டித்தது. அன்றைக்குத் தொலைபேசி இணைப்புகளைக் கையால் மாற்றிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அழைப்பவன் என்ன பேசினாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், வேலை அப்படி. அவர்களைக் காப்பது அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட காதுக்குள், அந்தக் காதுக்குரியவர் விரும்பாமல், ஒரு குறிப்பிட்ட வாய் கொண்டுபோய்ச் சேர்க்கும் சொல். சட்டத்தின் மனத்தில் இருந்த காட்சி அதுதான்.

இந்தியாவுக்கே இப்படி ஒரு பழைய பிரிவு இருந்தது. 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அஞ்சல் பொருளின் மேலோ உறையின் மேலோ ஆபாசமான, அச்சுறுத்தும், மிகவும் புண்படுத்தும் சொற்களோ குறிகளோ இருக்கக்கூடாது என்றது. மேலுறை என்பதைக் கவனிக்க வேண்டும். உறைக்குள் இருப்பதைப் பெறுபவர் மட்டும் பிரித்துப் பார்ப்பார். மேலே எழுதியிருப்பதையோ தபால்காரர் முதல் தெருவில் நிற்பவர் வரை எல்லோரும் பார்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பிரிவை எழுதியவருக்குத் தன் ஊடகம் எப்படி வேலை செய்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தனிமடலுக்கும் பொதுப்பார்வைக்கும் நடுவே அவர் ஒரு கோடு போட்டார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட 66ஏ அந்தக் கோட்டை அழித்துவிட்டது. ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சலும், ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கப் போட்ட பதிவும், வலைப்பூக் கட்டுரையும், கார்ட்டூனும் அதன் கண்ணில் ஒன்றே: அனுப்பப்பட்ட தகவல்.

இணையத்தில் எழுதுபவர் பல நேரங்களில் எவருக்கும் எதையும் அனுப்புவதில்லை. ஓரிடத்தில் வைக்கிறார், வேண்டியவர் வந்து பார்க்கிறார், ஒரு கணினிநிரல் அதை எடுத்து வேண்டாதவர் முன்னாலும் நிறுத்துகிறது. புண்பட்டவர் தேடி வந்து படித்தாரா, அவர்மேல் எறியப்பட்டதா என்ற கேள்வி தொலைபேசியில் எழவே எழாது. இணையத்தில் அதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமலேயே ஒரு குற்றம் வரையறுக்கப்பட்டது.

மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2009 பிப்ரவரி 5. ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை அறிமுகப்படுத்தியது பிப்ரவரி 9. வாட்ஸ்அப் நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது பிப்ரவரி 24. சட்டம் நடைமுறைக்கு வந்த அக்டோபர் 27க்குள் ஊடகத்தின் முகமே மாறத் தொடங்கியிருந்தது. ஒரு பதிவை விரும்புவது அனுப்புவது ஆகுமா? சட்டத்தை எழுதியவரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை, அந்தப் பொத்தானே அப்போது இல்லை. கருவிகள் சட்டத்தைவிட வேகமாக மாறும் என்று வழக்கமாகச் சொல்லும் சமாதானத்துக்கு இங்கே இடமிருப்பது போலத் தோன்றும். ஆனால் 1898இன் உறைவிதி பார்சல் பெருகியபோதும் மாறவில்லை. அது கருவியைப் பிடிக்காமல் ஊடகத்தின் தன்மையைப் பிடித்திருந்தது. 66ஏ தன்மையை விட்டுவிட்டு, கணினி என்ற கருவியை மட்டும் பிடித்துக்கொண்டது.

இரவல் வாங்கும்போது அளவும் மாறியது. பிரிட்டனின் 127ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம். இங்கே மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு என்றாகிவிட்டதால், அதே திருத்தத்தில் வந்த 77பி பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே காவல்துறை கைதுசெய்யலாம். இணையக் குற்றங்களைத் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்றிருந்ததும் தளர்த்தப்பட்டு, இன்ஸ்பெக்டர் போதும் என்றானது. சொல்லப்போனால் இந்தச் சட்டத்தின் தொழில்நுட்ப அறியாமையைவிட இந்த நடைமுறை மாற்றங்களே அதிகச் சேதம் விளைவித்தன. தெளிவில்லாத வாசகம் நீதிபதியின் மேசையில் இருந்தால் ஒரு விவாதம் நடக்கும். காவல்நிலையத்தின் மேசையில் இருந்தால் ஒரு கைது நடக்கும்.

2012இல் கைதுகள் தொடர்ந்தன. ஏப்ரலில் கொல்கத்தாவில் முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்த பேராசிரியர். அக்டோபர் இறுதியில் புதுச்சேரியில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் செய்த சிறுதொழிலதிபர். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; கைதுக்குப் பிறகுதான் அந்த ட்வீட்டை நாடு படித்தது. நவம்பரில் பால் தாக்கரே மறைந்ததை ஒட்டி மும்பை நகரம் அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஒரு பெண் பதிவிட்டார், அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இருவரும் கைதானார்கள். ஒப்புதல் கையெழுத்துக்கு நான்கு நாள் கழித்து வந்த பொத்தான், ஏறத்தாழ நான்கு ஆண்டு கழித்து ஒருவரைக் காவல்நிலையம் வரை கொண்டுபோனது.

நாடாளுமன்றத்தால் இதையெல்லாம் புரிந்துகொள்ளவே முடியாதா? முடியும் என்பதற்கு 2012 மே மாதத்தில் மாநிலங்களவையில் நடந்த விவாதம் சாட்சி. முந்தைய ஆண்டு வெளியான இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகள், யாராவது புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. அவற்றை ரத்துசெய்யக் கோரி மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராஜீவ் தீர்மானம் கொண்டுவந்தார். எது சட்டவிரோதம் என்று முடிவுசெய்யும் வேலை நீதிமன்றத்திடமிருந்து ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகிறது என்பதே வாதத்தின் மையம். எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லி, இணையம் இருந்திருந்தால் 1975இன் நெருக்கடிநிலைத் தணிக்கை படுதோல்வி அடைந்திருக்கும் என்றார். துறை அமைச்சர் கபில் சிபல் எல்லோரையும் கலந்தாலோசிப்பதாக வாக்களித்தார். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்றாலும், விதிகளின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவை பேசிய அபூர்வமான நாள் அது. அங்கே பேசியவர்கள் கணினிப் பொறியாளர்கள் அல்லர். ராஜீவும் ஜேட்லியும் சட்டம் படித்தவர்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது, பிரிவை வரிவரியாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். 2008 டிசம்பரில் அந்த இரண்டும் இல்லை.

அவை செய்யாததை உச்ச நீதிமன்றம் செய்தது. பால்கர் கைதுக்குப் பிறகு சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்துசெய்தார்கள். தீர்ப்பை நாரிமன் எழுதினார். கருத்துரிமை பற்றிய அதன் பகுதிகள் அதிகம் பேசப்பட்டிருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பலருக்குப் பரப்புவதற்கும் ஒருவருக்கு அனுப்புவதற்கும் இந்தப் பிரிவு வேறுபாடு பார்க்கவில்லை என்று தீர்ப்பு சொல்கிறது. பொது ஒழுங்கைக் காக்கத்தான் இந்தச் சட்டம் என்று அரசு வாதிட்டது. ஒரே ஒருவருக்கு அனுப்பிய மடல் எப்படிப் பொது ஒழுங்கைக் குலைக்கும்? 1898இல் போட்ட கோட்டை நீதிமன்றம் மறுபடி வரைய வேண்டியிருந்தது.

பிரிட்டன் சட்டம் அங்கே சரியாகத்தான் ஓடுகிறது என்ற வாதமும் எடுபடவில்லை. பிரிட்டனிலிருந்து இரண்டு வழக்குகள் எடுத்துக் காட்டப்பட்டன. ஒன்று, தன் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து இனவெறிச் சொற்களைப் பேசியவர் மீதானது. கீழ் நீதிமன்றங்கள் அது மிகவும் புண்படுத்துவது அல்ல என்றன, பிரபுக்கள் அவை ஆம் என்றது. இன்னொன்று, பனியால் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில் அதைத் தகர்த்துவிடுவேன் என்று வேடிக்கையாக ட்வீட் செய்த இளைஞர் மீதானது. கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன, உயர் நீதிமன்றம் 2012இல் விடுவித்தது. ஒரே செய்தியைப் படித்துப் பயிற்சி பெற்ற நீதிபதிகளே நேர் எதிரான முடிவுக்கு வருகிறார்கள் என்றால், எழுதுகிற சாதாரண மனிதர் எதை நம்பி எழுதுவார் என்று நாரிமன் கேட்டார்.

ரத்தான பிறகும் பிரிவு சாகவில்லை. ரத்தாகி ஆறு ஆண்டுகள் ஆன நிலையில், 2021 மார்ச்சில் 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் அதன்கீழ் நிலுவையில் இருந்ததாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் கொடுத்த விளக்கம் இந்த விவகாரத்தின் மொத்தச் சாரத்தையும் அடக்கியது: அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் 66ஏ முழுதாக இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருக்கிறது, காவல் அதிகாரி அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. 2022 அக்டோபரில் இனி எவர் மீதும் இப்பிரிவில் வழக்கு நடத்தக்கூடாது என்று நீதிமன்றம் திரும்பவும் ஆணையிட வேண்டியிருந்தது.

இதில் ஓர் இழப்பும் உண்டு, அதைப் பேசுவோர் குறைவு. 66ஏவின் மூன்றாவது உட்பிரிவு, தொல்லை தருவதற்காகவோ அனுப்புநர் யாரென்று ஏமாற்றுவதற்காகவோ அனுப்பும் மின்னஞ்சல்களைப் பற்றியது. ஸ்பாம் எனப்படும் வேண்டாத மின்னஞ்சல் உண்மையிலேயே ஒருவர் பெட்டிக்குள் வலிந்து நுழைவது. பழைய தொலைபேசிக் காட்சி பொருந்தக்கூடிய ஒரே இடம் அதுதான். அதைத் தனியாக, கவனமாக எழுதியிருந்தால் தப்பியிருக்கும். மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்டியதால் சேர்ந்தே போயிற்று. மின்னஞ்சல் ஸ்பாமுக்கென்று இந்தியாவில் இன்றும் தனிச் சட்டம் கிடையாது.

பழைய ஊடகத்தின் படத்தைப் புதியதன் மேல் ஒட்டும் பழக்கம் 66ஏவோடு முடிந்துவிடவில்லை. 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி நாடெங்கும் உயிர்களைப் பறித்தது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்றைக் கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அரசு வாட்ஸ்அப்பிடம் கேட்டது: இந்தச் செய்தியை முதலில் அனுப்பியவர் யார், கண்டுபிடித்துக் கொடு.

கேள்வி நியாயமானதாகத்தான் தெரியும். மொட்டைக் கடிதம் என்றால் எழுதியவன் ஒருவன் இருப்பான், அஞ்சல் முத்திரையை வைத்து ஊரைப் பிடிக்கலாம், கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம். வாட்ஸ்அப்பில் மூலம் என்பது அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த ஆண்டு சுற்றிய காணொளிகளில் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தானில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்திலிருந்து வெட்டப்பட்டது. அதை எடுத்தவர் குற்றவாளியா, வெட்டியவரா, யூடியூபிலிருந்து இறக்கி முதன்முதலாக வாட்ஸ்அப்பில் ஏற்றியவரா, பயந்துபோய்த் தன் உறவினர் குழுவுக்கு ஜாக்கிரதை என்று அனுப்பிய தாயா? படத்தின் ஓரத்தைச் சற்றே வெட்டினாலும் கணினிக்கு அது வேறு கோப்பு. அந்த நொடியில் புதிய முதல் நபர் ஒருவர் பிறந்துவிடுகிறார்.

கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது சென்னையில். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், ஆதார் கோரிக்கை பின்னால் போய், செய்தியின் மூலத்தைத் தேடும் கேள்வி முன்னுக்கு வந்தது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி 2019இல் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு செய்தியுடனும் அதை முதலில் எழுதியவரின் எண் ஒட்டிக்கொண்டே பயணிக்கட்டும், வேண்டுமானால் அந்த எண்ணை மறையாக்கம் செய்து, திறவுகோலை நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும். மும்பை ஐஐடியின் மறையாக்கவியல் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன், இணையச் சுதந்திர அறக்கட்டளை வழியாக மறுப்பு அளித்தார். செயலியைத் திருத்தி வேறொருவர் எண்ணைச் செருகுவது கடினமல்ல, அப்போது நிரபராதிதான் மாட்டுவார், தேர்ந்த குற்றவாளி தப்பிப்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த இரண்டு ஆவணங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் நடந்திருக்க வேண்டிய விவாதம் இது என்று தோன்றாமல் போகாது. நடந்தது வேறு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. இதற்கிடையே ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2020 தொடக்கத்தில், குழந்தைகள்மீதான பாலியல் குற்றப் படங்களைப் பரப்புவோரைக் கண்டறிய முனைமுதல்முனை மறையாக்கத்தை உடைக்கவும் வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோக்கத்தில் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் குற்றவாளிக்கு மட்டும் உடையும் பூட்டு என்று ஒன்றை இதுவரை எந்தக் கணிதவியலாளரும் செய்து காட்டவில்லை.

2021 பிப்ரவரி 25 அன்று புதிய விதிகள் அரசிதழில் வந்தன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திப் பரிமாற்றச் சேவைகள், உரிய ஆணை வந்தால், முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது நான்காம் விதியின் இரண்டாம் உட்பிரிவு. நியாயமாகச் சொன்னால் அதில் கட்டுப்பாடுகளும் உண்டு: கடுங்குற்றங்களுக்கு மட்டும், வேறு வழி இல்லாதபோது மட்டும், உள்ளடக்கத்தைத் தர வேண்டியதில்லை. இவற்றை எழுதியவருக்கு உரிமைகள் குறித்த அக்கறை இருந்திருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி வருகிறது. முதல் அனுப்புநர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். பாகிஸ்தான் காணொளியை நினைத்துப் பாருங்கள். துபாயிலிருக்கும் அண்ணன் அனுப்பியதை அப்படியே குடும்பக் குழுவுக்குத் தள்ளிய தம்பி, சட்டத்தின் கண்ணில் அதன் ஆசிரியர் ஆகிவிடுகிறார்.

அடையாளம் காட்டச் சொல்லும் செய்தி எதுவென்று முன்கூட்டித் தெரியாது என்பதால், எல்லாச் செய்திகளின் தடத்தையும் எப்போதும் சேமிக்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் மே மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார். இதை ஒரு பெருநிறுவனத்தின் மிரட்டலாகவும் எடுக்கலாம். நம் தனிமையின்மீது அந்த நிறுவனக் குழுமத்துக்குத் திடீரென்று வந்த அக்கறையை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான், அதை யார் சொன்னாலும்.

2018இன் கொலைகளை நிகழ்த்தியது மூலம் அல்ல, வேகம். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, யாருடைய எண்ணும் சேமிக்கப்படவில்லை. ஊடகத்தின் தன்மையைப் பார்த்து எடுத்த நடவடிக்கை அது. ஃபார்வர்டு எல்லை, குழுவின் அளவு, பரிந்துரைக்கும் நிரலின் போக்கு ஆகியவற்றுக்குச் சட்டம் தரம் நிர்ணயித்திருக்கலாம், அந்த எண்களைத் தணிக்கைக்குத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கலாம். விதிகளின் பெரும் பகுதியோ ஆளைத் தேடுவதிலும் உள்ளடக்கத்தை நீக்குவதிலும் கழிகிறது. யார் எழுதியது, எதை நீக்குவது: இரண்டும் அச்சுக் காலத்துக் கேள்விகள்.

இந்த விதிகள் எந்த அவையிலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. சட்டம் தந்த அதிகாரத்தில் அமைச்சகம் எழுதுகிறது, பிறகு அவையின் மேசையில் வைக்கிறது. உறுப்பினர் யாராவது ராஜீவ் போலத் தீர்மானம் கொண்டுவந்தால் உண்டு. எண்ணியல் ஊடகத்தை ஆளும் நிஜமான சட்டம் இந்தியாவில் மசோதாவில் இல்லை, விதிகளில் இருக்கிறது. ஆகவே உறுப்பினர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்க வகுப்பெடுத்தால் போதும் என்ற யோசனை பாதி வழிகூடப் போகாது. கற்றதைப் பயன்படுத்த அவர்களுக்கு வேளையே வருவதில்லை. வந்தாலும், கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும்.

நிபுணர்களிடம் விட்டுவிடலாமா? இரண்டு ஐஐடி பேராசிரியர்கள் எதிரெதிர்த் திசையில் நின்றதைப் பார்த்தோம். நிபுணர் ஒருவர் போதாது. நிபுணர்கள் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று அவைக்குள்ளேயே வேண்டும். அமெரிக்க காங்கிரஸ் 1972இல் தனக்கென்று தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை உருவாக்கியது. இரு கட்சிகளிலும் சம எண்ணிக்கையில் ஆறாறு பேர் கொண்ட குழு அதை மேற்பார்த்தது. 23 ஆண்டுகளில் சுமார் 750 ஆய்வுகள். இதைச் செய் என்று அது சொல்வதில்லை. இப்படிச் செய்தால் இன்னது நடக்கும், அப்படிச் செய்தால் இன்னது என்று வழிகளை விரித்துவைக்கும். அரசுக்கு மட்டும் திறக்கும் மறையாக்கச் சில்லு ஒன்றை கிளிண்டன் அரசு முன்வைத்தபோது, அதன் சாதகபாதகங்களை 1994 அறிக்கையில் அலசியது. 1995இல் செலவைக் குறைக்கிறோம் என்று குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை அதை மூடிவிட்டது. 2011 டிசம்பரில் இணையத் திருட்டுத் தடுப்பு மசோதா பற்றிய குழுக் கூட்டத்தில், தளப்பெயர்களை முடக்கினால் இணையத்தின் பாதுகாப்பு அமைப்பே குலையும் என்ற பொறியாளர்களின் எச்சரிக்கை பேசப்பட்டபோது, நான் கணினிப் புலி அல்ல என்று உறுப்பினர்கள் சொல்லிக்கொண்டதும், அப்படியானால் புலிகளைக் கூப்பிடுங்கள் என்று ஒருவர் மன்றாடியதும் அந்த வெற்றிடத்தின் விளைவு. பிரிட்டனில் 1989இலும் ஜெர்மனியில் 1990இலும் அமைந்த இத்தகைய அலுவலகங்கள் இன்னும் இயங்குகின்றன.

இந்தியாவில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று 1988இல் ஓர் அமைப்பு உருவானது, டைஃபாக் என்பது அதன் சுருக்கப்பெயர். ஆனால் அது அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ், அரசுக்காக இயங்குவது. நாடாளுமன்றத்துக்குச் சொந்தமாக நூலகமும் குறிப்புதவிப் பிரிவும் உண்டு, 2005இலிருந்து பி.ஆர்.எஸ். என்ற தனி அமைப்பு மசோதாக்களுக்குச் சுருக்கவுரை எழுதித் தருகிறது. தனி உறுப்பினரின் கையில் இருப்பதோ, பெரும்பாலும், கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஓர் உதவியாளர்.

உழைப்பு நடந்தாலும் அது வீணாகலாம். 2019இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை 30 உறுப்பினர் கொண்ட கூட்டுக்குழு இரண்டு ஆண்டுகள் அலசி 81 திருத்தங்களைச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மணிப்பூர் தொடர்பான எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கு நடுவே, அதைவிட மிகச் சிறிய புதிய சட்டம் இரண்டு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எந்தக் குழுவுக்கும் அது அனுப்பப்படவில்லை.

அதன் ஒன்பதாம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளுமுன், சரிபார்க்கத்தக்க விதத்தில் பெற்றோரின் ஒப்புதல் பெற வேண்டும். தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். குழந்தை யார் என்று தெரிந்தால்தான் பெற்றோரைத் தேட முடியும். குழந்தை யார் என்று தெரிய வேண்டுமென்றால் வருகிற எல்லோருடைய வயதையும் பார்க்க வேண்டும். குழந்தைகளின் தரவைக் காக்கும் சட்டம், முழுமையாக நிறைவேற்றப்பட்டால், பெரியவர்கள் அனைவரின் அடையாளத்தையும் கேட்கும். கடையில் வயதைக் கேட்கும் சிப்பந்தி முகத்தைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார், கணினி மறக்காது. 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா கொண்டுவந்தபோதும் இதே சிக்கல். பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள், ஏறத்தாழ 15,000 மனுக்கள் குவிந்தன, அறிமுகமாகிப் பத்து நாட்கள் ஆவதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. வயதைக் கண்டறியும் தொழில்நுட்பங்களைச் சோதித்த அரசு ஆய்வின் இறுதி அறிக்கை வெளியானது அடுத்த ஆண்டில்தான்.

இந்தியச் சட்டம் அந்தக் கேள்வியை விதிகளுக்குத் தள்ளியது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகளில் பெற்றோர் ஒப்புதல் எப்படிப் பெறப்படும் என்பதை விளக்க நான்கு எடுத்துக்காட்டுகள் இருந்தன. இரண்டில், தான் ஒரு குழந்தை என்று குழந்தையே நிறுவனத்திடம் சொல்கிறது. மற்ற இரண்டில், இது என் குழந்தை என்று பெற்றோர் வந்து சொல்கிறார். பிறந்த ஆண்டு கேட்கும் கட்டத்தில் 2001 என்று தட்டிவிட்டு உள்ளே போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாவது எடுத்துக்காட்டு எழுதப்படவில்லை.